நாற்றக் குறிப்பேடு

ராத்திரி 2 மணிக்கு வரும் நாற்றம், மறுநாள் காலை 11 மணிக்கு ஜீப்பில் வரும் அதிகாரிக்காகக் காத்திருப்பதில்லை. அவர் இறங்கி, மூச்சை இழுத்துப் பார்ப்பார். கடற்காற்று சிலுசிலுவென்று அடிக்கும். "ஒண்ணும் இல்லையேம்மா" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் திண்ணைக்குமாக நடந்த அம்மா சொல்வதும் பொய்யில்லை. இருவருக்கும் நடுவே காட்டுவதற்கு ஒரு காகிதம் இல்லை, அவ்வளவுதான்.

போன அத்தியாயத்தில் தண்ணீரைப் பார்த்தோம். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மூடி வைக்கலாம்; நாளைக்கும் அது அங்கேயே இருக்கும். காற்று அப்படி நிற்காது. அதனால் காற்றைக் கண்காணிக்கப் புறப்படும் ஊருக்கு முதல் கருவி மூக்கு, இரண்டாவது கருவி ஒரு நோட்டு. "என்ன மிஷின் வாங்கலாம், எவ்வளவு ஆகும்?" என்பதுதான் எல்லாக் கூட்டத்திலும் முதலில் எழும் கேள்வி. அதைக் கடைசியில் கேட்டால் போதும்.

கடலூர் காட்டிய வழி

கடலூருக்குத் தெற்கே, உப்பனாற்றை ஒட்டி இருக்கிறது சிப்காட் தொழிற்பேட்டை. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, இன்னும் பலவகை ரசாயனங்கள் செய்யும் ஆலைகள் அங்கே வந்தன. சுற்றிலும் ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி, குடிகாடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் என்று ஊர்கள். நாற்றத்தைப் பற்றிய புகார்கள் அங்கே புதிதல்ல. 2003-இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஜெ. கனகராஜ் அந்த ஊர்களின் நிலையை விசாரித்து இந்திய மக்கள் தீர்ப்பாயத்துக்காக அறிக்கை தந்தார். அடுத்த ஆண்டு ஊர்க்காரர்களே சேர்ந்து, சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற பெயரில் ஒரு குழுவாகி, பயிற்சி எடுத்துக்கொண்டு, நாற்றத்தை எழுதத் தொடங்கினார்கள். எந்த இடம், எந்த நேரம், எப்படிப்பட்ட வாடை, காற்று எந்தப் பக்கம், உடம்புக்கு என்ன செய்தது என்று குறித்தார்கள். அதே 2004-இல் காற்றையும் மாதிரி பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். செப்டம்பரில் வந்த அவர்களுடைய அறிக்கை 22 ரசாயனங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் 8 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை.

பத்திரிகைகள் 22-ஐயும் 8-ஐயும் எழுதின. இந்த வேலையைச் செய்யப்போகும் உங்களுக்கு அதைவிட முக்கியமானது, மாதிரி பிடிக்க எந்த இடத்தில், எந்த நேரத்தில் நிற்க வேண்டும் என்று அவர்களால் முடிவு செய்ய முடிந்தது என்பதுதான். நாற்றத்தை எழுதி வைத்தவர்களுக்கே அது தெரியும்.

யார் எழுதுவது

ஐந்தாறு பேர் போதும். ஐம்பது பேர் சேர்ந்தால் முதல் வாரம் எல்லோரும் எழுதுவார்கள், மூன்றாவது வாரம் ஒருவரும் எழுத மாட்டார்கள். தொழிற்பேட்டைக்கு நாலு பக்கமும் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலை 4 மணிக்குக் கடை திறக்கும் டீக்கடைக்காரர், கறவைக்கு எழுந்திருப்பவர், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய், இரவில் வலைக்குப் போகிறவர் என்று, ஊர் தூங்கும்போது விழித்திருப்பவர்கள் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் இருந்தால் மாதக் கடைசியில் கணக்குப் போட உதவும்.

ஆலைக்குள் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவரைச் சேர்க்காதீர்கள். ஆர்வமாக அவரே கேட்டாலும் வேண்டாம். உங்கள் நோட்டு நாளைக்கு ஒரு மேஜைமேல் திறந்து கிடக்கப்போகிறது. அவருடைய கையெழுத்து அதில் இருந்தால் போவது அவர் வேலை. அதே காரணத்துக்காக வெளியே கொடுக்கும் நகலில் யார் பெயரும் வேண்டாம். வீட்டுக்கு ஓர் எண் கொடுத்து, பெயர்ப் பட்டியலைத் தனியே ஒருவர் வைத்துக்கொள்ளட்டும்.

நோட்டில் ஒரு வரி

முதலில், எழுதக்கூடாத மாதிரி:

"நேற்று ராத்திரி கம்பெனிக்காரன் மறுபடியும் விஷவாயுவைத் திறந்து விட்டான். ஊரே மயங்கி விழுந்தது."

கோபம் நியாயமானது, வரி உதவாது. எந்த ராத்திரி, எத்தனை மணி, யார் பார்த்தது? "விஷவாயு" என்று எப்படித் தெரியும்? "ஊரே" என்றால் எத்தனை பேர்? எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இந்த ஒரு வரி கிடைத்தால் மீதி நோட்டைப் படிக்க வேண்டிய வேலையே அவருக்கு இல்லை.

அதே ராத்திரி, இப்படி இருந்திருக்க வேண்டும்:

"செவ்வாய். இரவு 1.40. வீடு 4, பின்பக்கத் திண்ணை. சமையல் காஸ் கசிந்தது போன்ற வாடை. அளவு 3. காற்று மேற்கிலிருந்து, லேசாக. எனக்குத் தொண்டை கரகரப்பு, சின்னவனுக்கு இருமல். 2.25-க்குக் குறைந்தது. 2.40-க்கு இல்லை."

இதில் குற்றச்சாட்டே இல்லை. அதனால் யாராலும் இதை மறுத்துப் பேச முடியாது. தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் இருப்பதைக் கவனியுங்கள். பலரும் முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவார்கள். ஆனால் 20 நிமிடம் வந்துபோன நாற்றமும் 5 மணி நேரம் நின்ற நாற்றமும் வேறு வேறு சங்கதி.

வாடைக்கு ரசாயனப் பெயர் எழுதாதீர்கள். எதைப் போல இருந்தது என்று மட்டும் எழுதுங்கள். நம் வீட்டிலும் தெருவிலும் உள்ள வாடைகளே இதற்குப் போதும். அழுகிய முட்டை, அழுகிய முட்டைக்கோஸ், நாறிய மீன், நெயில் பாலிஷ், பழம் கனிந்து புளித்த வாடை, பெயின்ட், மூத்திர நெடி, செத்த எலி என்று எழுதுங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று சோதிக்கிறவருக்கு இது துப்புக் கொடுக்கும். அழுகிய முட்டை என்றால் அவர் ஹைட்ரஜன் சல்ஃபைடை நினைப்பார். சமையல் காஸ் வாடை என்றால் மெர்காப்டன் வகையை நினைப்பார். கசிந்தால் நமக்குத் தெரிவதற்காக சிலிண்டரில் எத்தில் மெர்காப்டனைத்தான் கலக்கிறார்கள். நாறிய மீன் அமைன்களின் பக்கம் கைகாட்டும். ஆனால் அந்த முடிவுக்கு வருவது ஆய்வுக்கூடத்தின் வேலை. நீங்கள் "மெர்காப்டன்" என்று எழுதி, சோதனையில் வேறொன்று வந்தால், நீங்கள் எழுதிய சரியான வரிகளும் சேர்ந்து அடிபடும்.

அளவுக்கு 0 முதல் 4 வரை போதும். 0 என்றால் ஒன்றுமில்லை. கவனித்தால் மட்டும் தெரிவது 1. கவனிக்காமலே மூக்கில் ஏறுவது 2. ஜன்னலைச் சாத்த எழுந்தால் அது 3. வீட்டுக்குள்ளும் இருக்க முடியாமல் கண் எரிந்து, இருமி, வாந்தி வந்தால் 4. "லேசாக", "பயங்கரமாக" என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஜன்னலைச் சாத்தினாரா இல்லையா என்பது மாறாது.

மூக்கின் குணம்

மூக்கு நல்ல கருவி. ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பொறுத்தவரை நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். விலை குறைந்த பல கருவிகளால் அது முடியாது. ஆனால் மூக்கு சீக்கிரம் மரத்துப்போகும். நாற்றத்துக்குள்ளேயே கால் மணி நேரம் இருந்துவிட்டு "குறைஞ்சிடுச்சு" என்று எழுதினால், குறைந்தது நாற்றமா, உங்கள் மூக்கின் சுரணையா என்று தெரியாது. அதனால் முதல் சில மூச்சிலேயே அளவைக் குறித்துவிடுங்கள். அடுத்த பதிவுக்கு முன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தி, கொஞ்ச நேரம் கழித்து வெளியே வாருங்கள். வெளியூரிலிருந்து அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியவரின் மூக்குக்கு உங்கள் எல்லோருடையதையும்விட மதிப்பு அதிகம். அவரையும் கேட்டு எழுதுங்கள். பீடி, வெற்றிலை, தலைக்குத் தைலம், பக்கத்தில் ஊதுபத்தி, இவையெல்லாம் பதிவைக் கெடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்து லட்சத்தில் சுமார் 100 பங்கைத் தொட்டால் மூக்கின் உணர்வையே முடக்கிவிடும். கடுமையான முட்டை நாற்றம் சட்டென்று மறைந்து, கண் மட்டும் எரிந்துகொண்டே இருந்தால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை, கூடியிருக்கிறது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். நோட்டைப் போட்டுவிட்டு, காற்று வரும் திசைக்குக் குறுக்காக, மேட்டுப் பக்கம் போங்கள். கசிவு எங்கே என்று பார்க்க ஆலையை நோக்கிப் போகவே கூடாது. மதில் ஏறிக் குதித்து எடுத்த போட்டோவால் வருவது அத்துமீறல் வழக்கு மட்டும்தான்.

காற்றின் திசை

மொட்டைமாடியில் ஒரு கம்பு, அதன் நுனியில் பழைய கேசட்டிலிருந்து உருவிய நாடா ஒரு முழம். இதைவிட மலிவான திசைகாட்டி கிடையாது. லேசான காற்றுக்கும் அசையும், மழையில் நனைந்தாலும் பரவாயில்லை. நாடா மேற்கே பறந்தால் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. நோட்டில் எப்போதும் "இந்தத் திசையிலிருந்து" என்றே எழுதுங்கள். ஒருவர் வரும் திசையையும் இன்னொருவர் போகும் திசையையும் எழுதினால் மாதக் கடைசியில் நோட்டை அடுப்பில்தான் போட வேண்டும். மீனவர்கள் கொண்டல் என்றோ வாடை என்றோ எழுதினால் அப்படியே விடுங்கள். அவர்கள் தப்பு செய்ய மாட்டார்கள். கணக்கெடுக்கும்போது கிழக்கு, வடக்கு என்று மாற்றிக்கொள்ளலாம். "காற்றே இல்லை" என்பதும் ஒரு பதிவுதான். காற்று அசையாத இரவுகளில் நாற்றம் தரையோடு படுத்துக் கிடக்கும்.

கடற்கரை ஊர்களில் இதில் ஒரு விசேஷம் உண்டு. பகலில் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து காற்று வரும். இரவில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். ஆகவே ஆலைக்கு மேற்கே இருக்கும் ஊர் "மத்தியானம்தான் நாறுது" என்னும். கிழக்கே இருக்கும் ஊர் "அதெல்லாம் இல்லை, ராத்திரிதான்" என்னும். இரண்டு ஊரும் ஒரே புகைபோக்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். நோட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

நாறாத நாள்

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் பின்பற்றப்போகிறீர்கள் என்றால், இதைப் பின்பற்றுங்கள். நாற்றம் இல்லாத நேரத்தையும் எழுதுங்கள்.

நாற்றம் வந்தால்தான் நோட்டைத் திறப்பது என்று வைத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 14 பதிவு இருக்கும். 14 என்பது அதிகமா, கொஞ்சமா? மீதி நாள்களில் நாறவில்லையா, அல்லது எழுத மறந்தீர்களா? இதற்கு உங்களிடம் பதில் இருக்காது. நாளுக்கு மூன்று வேளை, உதாரணமாகக் காலை 6, மதியம் 1, இரவு 9 என்று நேரம் வைத்து, நாறினாலும் நாறாவிட்டாலும் திண்ணையில் நின்று மூச்சை இழுத்து எழுதினால், 30 நாளில் ஒரு வீட்டுக்கு 90 பதிவு சேரும். அதில் 70 வரி "0" என்று இருந்தால் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் மீதி 20 வரிக்கு எடை கொடுப்பது அந்த 70-தான். இடையில் எந்த நேரத்தில் நாறினாலும் அதைத் தனிப் பதிவாக வேறு பக்கத்தில் எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் கணக்கு குழம்பும்.

மாதம் முடிந்ததும் ஒரு வெள்ளைத்தாளில் எட்டுத் திசைக்கும் ஒரு கட்டம் போடுங்கள், காற்றில்லாத நேரத்துக்கும் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண் எழுதுங்கள். அந்தத் திசையிலிருந்து காற்று வந்த வேளைகள் எத்தனை, அவற்றில் 2-க்கு மேல் நாறியவை எத்தனை? மேற்கிலிருந்து வந்த 30-இல் 16, கிழக்கிலிருந்து வந்த 40-இல் 1 என்று வந்தால், அதற்குமேல் சொற்பொழிவு வேண்டியதில்லை.

கணக்கு உங்கள் எதிர்பார்ப்புக்கு மாறாகவும் வரலாம். காற்று ஆலைப் பக்கமிருந்து வராதபோதும் முட்டை நாற்றம் அடித்தால், ஆற்றைப் பாருங்கள். கழிமுகச் சேறு, நீர் வற்றும்போது தானாகவே ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடும். அதனால் ஆற்றோர வீடுகளின் நோட்டில் நீர் ஏற்றமா, வற்றமா என்று ஒரு பத்தி கூடுதலாக இருப்பது நல்லது. கருவாடு காயும் களம், குப்பை எரிக்கும் இடம், சாக்கடை வாய், இவையும் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். "இதெல்லாம் எழுதினால் கம்பெனிக்குச் சாதகமாகாதா?" என்று கேட்பார்கள். நீங்கள் எழுதாவிட்டால் கம்பெனியின் நிபுணர் எழுதுவார். அப்போது, மறைத்தீர்கள் என்ற பெயரும் சேரும்.

வாளி

இனி கருவிக்கு வரலாம். கடலூரில் காற்றைப் பிடித்தது ஒரு பிளாஸ்டிக் வாளி. 1995-இல் கலிஃபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் வாயுவால் பாதிக்கப்பட்ட ஒரு பகுதிக்காக வழக்காடிய எட்வர்ட் மாஸ்ரி என்ற வழக்கறிஞர், சாதாரண மக்கள் கையாளும்படி மலிவான ஒரு கருவி வேண்டும் என்று பொறியாளர்களைச் செய்யவைத்தார். அதுதான் பிறகு பல நாடுகளுக்கும் போனது.

அமைப்பு எளிது. சுமார் 20 லிட்டர் வாளி, காற்றுப்புகாத மூடி, உள்ளே டெட்லார் என்ற தனிவகைப் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு பை. பையின் வாய் மூடியைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாளிக்குள் பையைச் சுற்றியுள்ள காற்றை ஒரு சிறு பம்பு உறிஞ்சி வெளியேற்றும். உள்ளே வெற்றிடம் உண்டானதும், பை தானாக விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். மாதிரிக்காற்று பம்புக்குள் போகவே போகாது. பம்பின் எண்ணெயும் அழுக்கும் அதில் கலக்க வழியில்லை. சில நிமிட வேலைதான். பையை முழுக்க நிரப்பாமல் முக்கால் அளவோடு வால்வை மூடுங்கள்; விமானத்தில் போகும்போது வெடித்துவிடக்கூடாது.

வாளியைத் தூக்கிப்போகிறவர் பைக்கை ஐம்பதடி தள்ளியே நிறுத்த வேண்டும். பெட்ரோல் வாடையுள்ள கை, சென்ட், மார்க்கர் பேனா, எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. பையை வெயிலில் வைக்காதீர்கள், ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள். கந்தக வாயுக்கள் 24 மணி நேரத்துக்குள் சோதிக்கப்பட வேண்டும். மற்றவை மூன்று நாளுக்குள். ஆகவே ஆய்வுக்கூடத்தோடும் கூரியரோடும் பேசி முடிக்காமல் வாளியைத் தொடாதீர்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் பிடித்த மாதிரி திங்கள்கிழமை வரை யார் மேஜையிலாவது கிடந்தால் அது வெறும் பை.

யார் பிடித்தார், யாரிடம் கொடுத்தார், அவர் எத்தனை மணிக்கு வாங்கினார் என்று ஒரு தாள் பையோடு கூடவே போக வேண்டும். கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து வேண்டும். நோட்டு காட்டும் இடத்திலும் வேளையிலும் மட்டும் வாளியைத் திறந்தால் செலவு மிச்சம். ஒவ்வொரு பையின் சோதனைக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும். கூடவே, நாற்றமில்லாத நேரத்தில், காற்று எதிர்ப்பக்கமிருந்து வரும்போது ஒரு பை பிடித்து அனுப்புங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

ஆன்லைனில் கிடைக்கும் சின்னத் தூசு மீட்டர்களைப் பற்றிக் கேட்பீர்கள். ஒளியைச் சிதறவைத்துத் தூசைக் கணக்கிடும் கருவிகள் அவை. ஈரக்காற்றில் கூட்டிக் காட்டும். வாயு நாற்றத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அதேபோல, அரசு வெளியிடும் காற்றுத் தரக் குறியீடு "நன்று" என்று காட்டும்போது ஊர் நாறினால் குழம்ப வேண்டாம். அந்தக் குறியீடு 8 மாசுக்களை வைத்துப் போடுவது; ஹைட்ரஜன் சல்ஃபைடும் மெர்காப்டனும் அதில் இல்லை. 2009-இல் திருத்திய தேசியக் காற்றுத் தர அளவுகளின் 12 பொருள்களில் பென்சீன் இருக்கிறது. இவை இரண்டும் அதிலும் இல்லை.

நோட்டை எங்கே கொண்டுபோவது

நீங்கள் பிடித்த மாதிரியை வைத்து ஆலைமேல் குற்றவழக்கு நிற்காது. 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, மாதிரி எடுப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி ஆலைக்கு நோட்டீஸ் கொடுத்து, எடுத்து, சீல் வைத்து, கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். அப்படி எடுத்தால்தான் நீதிமன்றத்தில் சாட்சியாகும். அப்படியானால் இவ்வளவு பாடு எதற்கு? அந்த அதிகாரியைச் சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் வரவழைக்கத்தான். "எப்போதும் நாறுது, வந்து பாருங்க" என்ற மனுவுக்கு அவர் காலை 11 மணிக்கு வருவார். "போன மாதம் மேற்கிலிருந்து காற்றடித்த இரவுகளில் 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே இத்தனை முறை" என்று கட்டம் போட்ட தாளோடு போன மனுவுக்கு, 11 மணிக்கு வந்து போவது அவருக்கே சங்கடமாக இருக்கும்.

நாறும்போதே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு போன் செய்யுங்கள். எத்தனை மணிக்குச் செய்தீர்கள், யார் எடுத்தது, என்ன சொன்னார், எடுக்கவே இல்லையா என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். போனுக்குச் சாட்சி கிடையாது. அதனால் மறுநாளே கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் எண் போட்ட ரசீது கிடைக்கும். ஒரு மாதம் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, எங்கள் மனுமேல் எடுத்த நடவடிக்கை, ஆய்வுக்கு வந்த தேதியும் நேரமும், எடுத்த மாதிரிகளின் முடிவு, ஆலைக்குக் கொடுத்த இசைவாணையின் நகல் என்று நான்கையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வந்தாக வேண்டும். "ஆய்வு நேரம்" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஆறு முறை வந்து ஆறு முறையும் பகலில்தான் வந்தார்கள் என்று அவர்கள் தாளிலேயே எழுதி வாங்கினால், ராத்திரிப் பதிவுகளுக்கு அவர்களிடம் மறுப்பு இருக்காது.

வாரியம் அசையாவிட்டால் சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. அங்கே காலக்கெடு கறாரானது. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். இழப்பீடு கேட்பதானால் 5 ஆண்டு. பேச்சுவார்த்தை, அடுத்த வாரம், அடுத்த கூட்டம் என்று மாதங்கள் ஓடிவிடும். ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில், முதல் பதிவின் தேதியையும், அதிலிருந்து 6 மாதம் முடியும் தேதியையும் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். அசல் நோட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும்தான். பென்சிலில் எழுத வேண்டாம். தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒயிட்னர் பூசிய பக்கம் ஒன்று இருந்தாலும் கேள்வி வரும். மாதம் ஒருமுறை எல்லா நோட்டையும் போட்டோ எடுத்து, ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வைத்துவிடுங்கள்.